ஓட்டைக் காலணாவும் அவுன்ஸ் அரிசியும்: போர் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தின் அன்றாடம்

பழைய வீடுகளின் அஞ்சறைப் பெட்டிகளிலும் மரப்பெட்டிகளின் அடியிலும் ஓட்டைக் காலணா இன்றும் எப்போதாவது அகப்படுகிறது. நடுவில் பெரிய துளை, அதைச் சுற்றி மெல்லிய வெண்கல வளையம், வளையத்தின் மேல் கிரீடமும் ஆண்டும் மதிப்பும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 1943இல் இது வெளிவருவதற்கு முன்பு புழங்கிய காலணா, மன்னரின் தலை பொறித்த, ஏறத்தாழ 4.9 கிராம் எடையுள்ள முழு வட்டக் காசு. புதியதோ 2 கிராம்தான். மன்னரின் தலை இருந்த இடத்தில் துளை விழுந்துவிட்டது. போருக்குத் தேவைப்பட்ட உலோகத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு இது. எடை பாதிக்கும் கீழே இறங்கிய அதே ஆண்டுகளில், அந்தக் காசு வாங்கித்தந்த பொருளின் அளவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இறங்கியது. அது எப்படி நடந்தது, நடந்தபோது மக்கள் எதை உண்டார்கள், எதை உடுத்தார்கள், எந்தக் கொட்டகையில் போய் உட்கார்ந்தார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாம் உலகப் போர் சென்னை மாகாணத்தை ஆயுதத்தால் தொட்டது மிகக் குறைவு. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனதையே ஊர் ஒரு தலைமுறைக்காலம் பேசிக்கொண்டிருந்தது. அசகாயசூரரையும் ஆட்டிப்படைப்பவரையும் ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கு அதிலிருந்து வந்ததுதான். இரண்டாம் போரில், அன்று இம்மாகாணத்தைச் சேர்ந்திருந்த விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் 1942 ஏப்ரல் 6ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சென்னை நகருக்கு 1943 அக்டோபரில் ஓர் இரவு ஒரு விமானம் வந்து சிறு தாக்குதல் நடத்திவிட்டுத் திரும்பியது. குண்டு விழுந்ததைக் கண்டவர்கள் சிலர்தான். ஆனால் அரிசி இல்லாத அரிசிக்கடையைக் காணாதவர் மாகாணத்தில் எவரும் இல்லை.

அச்சம் மட்டும் ஒருமுறை பெரிதாக வந்தது. கொழும்பும் விசாகப்பட்டினமும் அடுத்தடுத்த நாட்களில் தாக்கப்பட்டதும், அவசியப் பணியில் இல்லாதவர்கள் நகரை விட்டு வெளியேறலாம் என்று அரசு அறிவித்தது. 1941 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 7.77 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் சில நாட்களில் காலியாகத் தொடங்கியது. ரயிலில் இடம் கிடைத்தவர்கள் ரயிலில் போனார்கள், கிடைக்காதவர்கள் மாட்டுவண்டி பிடித்தார்கள். அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மூர் மார்க்கெட்டை அடுத்திருந்த விலங்குக் காட்சிசாலையில், குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் மிருகங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்று அஞ்சி, சிங்கம், புலி போன்றவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பானியர் வரவேயில்லை. சில மாதங்களில் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மிருகங்களைச் சுட்டது தேவையற்றது என்று பின்னாளில் சொல்வது எளிது. அந்த ஏப்ரலில் அப்படிச் சொல்லியிருக்கக்கூடியவர் எவரும் இருந்திருக்கமாட்டார்.

உண்மையான அடி அதற்கு ஒரு மாதம் முன்பே விழுந்துவிட்டது. 1942 மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதுவரை பர்மாவிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் அரிசி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. இந்தியாவின் மொத்த விளைச்சலோடு ஒப்பிட்டால் இது சிறிய பங்குதான். ஆனால் விளையும் அரிசியில் பெரும்பகுதி விளைந்த ஊரிலேயே உண்ணப்பட்டுவிடும் என்பதால், சந்தைக்கு வரும் அரிசியில் பர்மா அரிசியின் பங்கு மிகப் பெரியது. துறைமுக நகரங்களும் மலபாரும் திருவிதாங்கூரும் அதை நம்பியே இருந்தன. அன்று திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த குமரிப் பக்கத்தில், அரிசி போன இடத்தை மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடித்துக்கொண்டது.

பர்மா வெறும் அரிசிக் களஞ்சியமாகவும் இருக்கவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் வரவுசெலவில் பாதி அங்கேதான் இருந்தது. கீழ் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால் பங்கு அளவு, கடனுக்கு ஈடாக நகரத்தார் கைக்கு வந்திருந்தது. அந்தச் சொத்து ஒரே ஆண்டில் கைக்கெட்டாத தூரம் போயிற்று. கப்பலில் இடம் கிடைக்காத இந்தியர்கள் லட்சக்கணக்கில் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தே வந்தார்கள். வழியில் காலராவாலும் பசியாலும் மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். ‘பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்’ என்பது அடுத்த பல ஆண்டுகளுக்கு ஒரு மனிதரை அறிமுகப்படுத்தப் போதுமான வாசகமாக இருந்தது.

அரிசி வரத்து நின்றதால் அரிசி விலை ஏறியது என்பது எளிதில் விளங்கும். ஆனால் துணி, சோப்பு, ஆணி, காகிதம், மருந்து என்று எல்லாமே ஏன் ஏறின என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படுகிறது. 1939 நவம்பரில் பிரிட்டிஷ் அரசும் இந்திய அரசும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இந்தியாவின் வழக்கமான பாதுகாப்புச் செலவுக்கு மேற்பட்டு, பேரரசின் போருக்காக இங்கே ஆகும் செலவை லண்டன் ஏற்றுக்கொள்ளும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், இங்கே வாங்கிய கூடாரத் துணிக்கும் கோதுமைக்கும் எஃகுக்கும் லண்டன் பவுண்டுகளைத் தன் கணக்குப் புத்தகத்தில் இந்தியாவின் பெயரில் வரவு வைத்தது. அந்தப் பவுண்டுகளை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டை அச்சடித்து, சரக்குக்கு விலையாகக் கொடுத்தது. சரக்கு போர்முனைக்குப் போய்விட்டது. அதற்காக அச்சடித்த நோட்டு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. போர் தொடங்கியபோது சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், 1945இல் 1,100 கோடியைத் தாண்டியிருந்தது. வாங்குவதற்கு இருந்த பொருளோ குறைந்துகொண்டே வந்தது.

விளைவு குறியீட்டெண்ணில் தெரிந்தது. 1939 ஆகஸ்டு விலையை 100 என்று வைத்துக்கொண்டால், மொத்த விலைக் குறியீடு 1941-42இல் 137 ஆகவும், 1943-44இல் 236 ஆகவும் இருந்தது. இது அரசே வகுத்த கட்டுப்பாட்டு விலைகளையும் சேர்த்துக் கண்ட சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. கட்டுப்பாட்டு விலைக்குப் பொருள் கிடைக்காதபோது கடையின் பின்வாசலில் கொடுத்த விலை எந்தக் குறியீட்டிலும் ஏறவில்லை. போருக்கு முன் தோலா (சுமார் 11.66 கிராம்) 40 ரூபாய்க்குள் இருந்த தங்கம் 1943இல் 90ஐத் தாண்டியது. லண்டனில் இந்தியாவின் பெயரில் ஏறிய வரவோ போர் முடிந்தபோது சுமார் 130 கோடி பவுண்டு. கடன்பட்டவரும் கடன் கொடுத்தவரும் இடம் மாறிவிட்டார்கள் என்று அன்றைய அரசியல்வாதிகள் சிலர் மகிழ்ந்தார்கள். அந்த வரவை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துக் கொடுத்தவர்கள் அதைத் தங்கள் காலத்தில் காணவில்லை.

காசைப் பற்றிய மக்களின் சந்தேகம் விலைவாசிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1940 மே, ஜூன் மாதங்களில் பிரான்சு வீழ்ந்த செய்தி வந்ததும், அஞ்சலக சேமிப்பை எடுத்து வெள்ளி ரூபாயாக மாற்றி வைத்துக்கொள்ளப் பலர் விரைந்தார்கள். ஒருவர் தம் தேவைக்கு மேல் நாணயம் சேர்த்து வைப்பது குற்றம் என்று அந்த ஜூன் மாதமே அரசு விதி போட்டது. ஒரு ரூபாய் நோட்டையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாக இருந்த ரூபாய் நாணயம் பாதி வெள்ளியாகிவிட்டது. பழைய விக்டோரியா, எட்வர்டு ரூபாய்களை அரசு படிப்படியாகச் செல்லாதென்று அறிவித்துத் திரும்பப் பெற்றபோது, தங்கமாகவே நினைத்து முடிந்து வைத்திருந்த பாட்டிமார்கள் அதைக் கொடுத்தார்களா, உருக்கிக் கொலுசாக்கினார்களா என்பதை அந்தந்த வீட்டார்தான் அறிவார்கள். 1942, 43இல் சில்லறைத் தட்டுப்பாடு இன்னும் மோசமாகி, மேற்கிந்தியச் சமஸ்தானங்கள் சில காசுக்குப் பதிலாக அச்சடித்த அட்டைகளைக்கூட வெளியிட்டன. ஓட்டைக் காலணா இந்த நெருக்கடிக்குள்தான் பிறந்தது. அதை வாஷராகப் பயன்படுத்தியவர்களும் உண்டு.

விலையேற்றம் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. விற்பதற்கு நெல் வைத்திருந்த நிலக்காரருக்கு அது நல்ல காலம். மாகாணத்தின் கிராமக் கடனைப் பற்றி ஆராய்ந்த பொருளியலாளர் பி. வி. நாராயணசாமி நாயுடு 1946இல் அளித்த அறிக்கை இதைத் தெளிவாகக் காட்டியது: போர் ஆண்டுகளில் பெரிய நிலக்காரர்களின் கடன் குறைந்திருந்தது, நிலமற்ற கூலியாட்களின் கடன் ஏறியிருந்தது. நெல்லைக் கூலியாக வாங்கியவர் ஓரளவு தப்பினார். காசைக் கூலியாக வாங்கியவர்தான் மாட்டிக்கொண்டார். நகரத்தில் மாதச் சம்பளக்காரரின் நிலையும் அதுவே. அவருக்காகத்தான் ‘பஞ்சப்படி’ என்ற சொல் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பரவியது. விலைவாசியை ஈடுகட்டச் சம்பளத்துக்கு மேல் தரும் தொகைக்கு அதைவிட நேர்மையான பெயர் இருக்க முடியாது. பிற்காலத்தில் அரசு அதை ‘அகவிலைப்படி’ என்று மாற்றி நாகரிகப்படுத்திக்கொண்டது. வீட்டு வாடகையைக் கட்டுப்படுத்தும் ஆணையும் 1941இல் போர்க்கால விதிகளின்கீழ் வந்ததுதான். தற்காலிகமாக வந்த அந்த ஏற்பாடு 1946இல் சட்டமாகி, வீட்டுக்காரர், குடியிருப்பவர் வழக்குகளாகத் தலைமுறைகளைத் தாண்டியது.

1943இல் வங்காளப் பஞ்சம் சுமார் 30 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. அந்த ஆண்டு கூடிய உணவு தானியக் கொள்கைக் குழு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களில் பங்கீட்டு முறையைக் கொண்டுவரவும், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் கொடுக்கவும் பரிந்துரைத்தது. சென்னையிலும் அந்த ஆண்டில் ரேஷன் வந்தது. ஆழாக்கு, உழக்கு, படி என்று அளந்து பழகிய வீடுகளுக்குள் அவுன்ஸ் (சுமார் 28 கிராம்) என்ற சொல் நுழைந்தது அப்போதுதான். ‘எத்தனை அவுன்ஸ்?’ என்று கேட்டால் அரிசியைத்தான் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது.

ரேஷன் அரிசியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நடப்பது ஒரு சடங்கு. முறத்தில் கொட்டிப் புடைத்து, குருணையை ஒருபுறம் ஒதுக்கி, கல்லையும் நெல்லையும் விரலால் பொறுக்க வேண்டும். பல ஊர் அரிசி ஒன்றாகக் கலந்திருப்பதால் ஒரு பங்கு குழையும்போது மறு பங்கு விறைத்து நிற்கும். மக்கிய வாடை போக இரண்டு மூன்று தண்ணீரில் களைவார்கள். இந்த அரிசிக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது; ‘கியூ’ என்ற சொல் தமிழுக்குள் உறுதியாகக் கால் ஊன்றியது இந்தக் கடை வாசல்களில்தான். அரிசி போதாதபோது ஒரு பகுதிக்குக் கோதுமை கொடுத்தார்கள். கோதுமையை என்ன செய்வது என்று தமிழ் வீட்டுச் சமையலறைக்கு அன்று தெரியாது. சிலர் உடைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள், சிலர் மாவாக்கித் தோசையாக வார்த்தார்கள். அது நோயாளியின் உணவு என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். பெங்களூரின் மாவள்ளி டிபன் ரூம் என்ற எம்.டி.ஆர். உணவகம், அரிசி கிடைக்காத அந்த ஆண்டுகளில்தான் ரவை இட்லியைத் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறது; கோதுமை ரவை தென்னாட்டுத் தட்டில் இடம்பிடித்த கதைக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.

காப்பியின் கதை இதற்கு நேரெதிர். ஐரோப்பியச் சந்தை போரால் அடைபட்டதும், தோட்டங்களில் காப்பிக்கொட்டை தேங்கியது. ஆகவே 1940இல் அரசு ஒரு காப்பி வாரியத்தை அமைத்து, உள்நாட்டிலேயே காப்பி குடிப்பவர்களைப் பெருக்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்தது. இந்தியா காபி ஹவுஸ் கிளைகள் ஊர்களில் பெருகியதன் பின்னணி இதுதான். அரிசிக்கு அரசு கையை இறுக்கிப் பிடித்த அதே ஆண்டுகளில், ‘இன்னொரு கப் குடியுங்கள்’ என்று காப்பிக்காகக் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தது.

மற்றத் தட்டுப்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பர்மா எண்ணெய் நின்றதும் மண்ணெண்ணெய் அரிதாகி, அரிக்கேன் விளக்கு தொங்கிய இடத்தில் ஆமணக்கெண்ணெய் அகல் திரும்பி வந்தது. துணிக்கு 1943 ஜூனில் கட்டுப்பாட்டு ஆணை பிறந்து, உச்ச விலையை ஆலையே துணியின்மேல் முத்திரையிட வேண்டியதாயிற்று. ‘கண்ட்ரோல் துணி’ என்று மக்கள் அழைத்தது இதைத்தான். நூல் கிடைக்காமல் தறி நின்ற நெசவாளருக்கு அந்த முத்திரையால் பயனில்லை. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்ததும் பேருந்துகள் கரிக்கு மாறின. வண்டியின் பின்புறத்தில் ஆளுயர இரும்பு உருளை ஒன்று நிற்கும். அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காற்றடித்து, வாயு பிறக்கும்வரை பயணிகள் காத்திருக்க வேண்டும். மேடு வந்தால் வண்டி திணறும். இறங்கித் தள்ளுவதும் பயணச்சீட்டில் அடக்கம். இவை போதாதென்று 1942 செப்டம்பரில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். 1945 அக்டோபர் வரை அது அப்படியே இருந்தது. அலுவலகத்துக்குப் புது நேரம், ராகு காலத்துக்குப் பழைய நேரம் என்று வீடுகள் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பொழுதுபோக்கை எடுத்துக்கொண்டால், மிக ஆழமாக மாறியது சினிமா. கச்சாப் படச்சுருள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டிய பொருள் என்பதால், 1942இல் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு வரம்பு கட்டியது. 11,000 அடி என்பது திரையில் சுமார் இரண்டு மணி நேரம். அதுவரை தமிழ்ப் படம் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும், நாடக மேடையின் பாட்டுகள் நாற்பது ஐம்பது இருக்கும், கதைக்கு வெளியே ஒரு தனி நகைச்சுவைப் படமே உள்ளே ஓடும். கத்தரிக்கோல் முதலில் விழுந்தது பாட்டில்தான். தமிழ் சினிமா மேடையிலிருந்து விலகிக் கதையை விரைவாகச் சொல்லக் கற்றுக்கொண்டதில் இந்த ஆணைக்கு உள்ள பங்கைத் திரை வரலாற்றாசிரியர்கள் இன்னும் கொஞ்சம் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

1943 முதல் படச்சுருளுக்கு உரிமம் வேண்டியதாயிற்று; போர் முயற்சிக்கு ஆதரவான படம் எடுப்பவருக்குச் சுருள் கிடைப்பது எளிதாயிற்று. 1945இல் கே. சுப்ரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’, மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரத்தின் ‘பர்மா ராணி’ போன்றவை வெளிவந்தன. தேசிய உணர்வுப் படங்களால் பெயர் பெற்ற சுப்ரமணியமே இப்படிப்பட்ட படம் எடுக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து படச்சுருளின் மதிப்பு விளங்கும். கொட்டகைகள் அரசின் பிரச்சாரத் துண்டுப்படங்களையும் ஒவ்வொரு காட்சியிலும் காட்டியாக வேண்டியிருந்தது.

1940இல் முப்பதைத் தாண்டிய தமிழ்ப் படங்களின் எண்ணிக்கை, 1943 முதல் 1945 வரை ஆண்டுதோறும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. இந்தப் பின்னணியில்தான் 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டதைப் பார்க்க வேண்டும். எம். கே. தியாகராஜ பாகவதரின் குரல் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் மாற்றுப் படம் இல்லாத காலத்தில், நோட்டு மலிந்து சரக்கு இல்லாத ஊரில், காசைக் கொடுத்தவுடன் முழுதாகக் கைக்கு வந்த பண்டங்களில் சினிமா டிக்கெட்டும் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1944 இறுதியில், சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிவந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், 1947இல்தான் விடுதலையானார்கள். காதலும் பக்தியும் திரையில் பாடிய நாயகர் சிறையில் இருக்க, அவர் குரலைக் கேட்கக் கூட்டம் தினமும் கொட்டகைக்குப் போனது.

காகிதத்தையும் அரசு கட்டுப்படுத்தியதால் பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தன. புதிதாகப் பத்திரிகை தொடங்குவது அனேகமாக முடியாத காரியமாயிற்று. அந்தக் கதவு அடைபடுவதற்குச் சற்று முன், 1941 ஆகஸ்டில், ‘கல்கி’ வெளிவந்துவிட்டது. பக்கம் குறைந்த இதழ்களில் தொடர்கதைக்கு இடம் குறையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. போர்ச் செய்தி தணிக்கைக்கு உட்பட்டது, கதை அப்படியல்ல. செய்திக்கு வானொலி இருந்தது. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கியிருந்தன; லண்டனிலிருந்து பி.பி.சி. 1941இல் தமிழில் பேசத் தொடங்கியது. சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலியும் தமிழில் ஒலித்தது. கதவைச் சாத்திக்கொண்டு, ஒலியைத் தாழ்த்தி வைத்துக் கேட்க வேண்டிய நிலையம் அது.

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. ரேஷன் முடியவில்லை, உண்மையில் அதற்குப் பிறகுதான் அளவு இன்னும் சுருங்கியது. ஒரு பவுண்டு, அதாவது 16 அவுன்ஸ் என்று பரிந்துரைத்த தானியம், 1946இல் 12 அவுன்ஸாகக் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதென்று அரசு அறிவித்தது. போர்க்காலப் பதுக்கலில் சேர்ந்த பணத்தை வெளியே கொண்டுவருவதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. ஆயிரம் ரூபாய் நோட்டைக் கண்ணால்கூடப் பார்த்திராத பெரும்பாலோருக்கு அது வேறொரு நாட்டுச் செய்தி. 1952 ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோது, ரேஷன் வந்த ஆண்டு பிறந்த குழந்தை பள்ளியில் நான்காம் வகுப்பை எட்டியிருந்தது. கடைக்காரர் பதுக்கி வைத்த அரிசியை அதிக விலைக்கு விற்றபோது பிழைப்புக்காகத் தமிழர்கள் கற்றுக்கொண்ட ‘பிளாக்’ என்ற சொல் மட்டும், அரிசிக்கடையை விட்டு வெளியேறி, புதுப்படம் வெளியாகும் நாட்களில் கொட்டகை வாசலில் நின்று டிக்கெட் விற்கத் தொடங்கியது.